தாய்ப்பால்: பிள்ளையின் உரிமை, குடும்பத்தின் பொறுப்பு

(ஷஅபான் மாதத்தில் நமது பள்ளிவாசலில், பெண்களுக்குத் தனித் திரை ஏற்பாட்டுடன் நடைபெற்ற சிறப்பு பயானின் எழுத்து வடிவம்)

 

   

இன்று நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு, பிறந்த பிள்ளைக்குப் பாலூட்டுவது பற்றியும், அதற்காகத் தாயை ஆயத்தப்படுத்துவது பற்றியும் ஆகும். பள்ளிவாசலில் அமர்ந்து பேசக்கூடிய விஷயமா இது என்று சிலர் எண்ணக்கூடும். இது பெண்கள் சமாச்சாரம், அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்வது நம்மிடையே நெடுங்கால வழக்கம். ஆனால் அல்லாஹ் சுப்ஹானஹு வதஆலா தன் திருமறையில் இதனை ஒதுக்கிவிடவில்லை. பல இடங்களில் விரிவாகவே பேசுகிறான். அவன் பேசியதை நாம் பேச வெட்கப்படுவது முறையன்று.

திருமறை யாரை நோக்கிப் பேசுகிறது?

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்பது அதில் கூறப்படுகிறது. இது நம்மில் பெரும்பாலோர் அறிந்ததே. அதே வசனத்தின் தொடர்ச்சியைத்தான் நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று அங்கே வருகிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்குத் துன்பம் விளைவிக்கலாகாது என்று வருகிறது. பால்குடி மறக்கடிப்பதாயினும் இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்று வருகிறது. ஆக, பாலூட்டுபவள் தாய். ஆனால் பொறுப்போ அவள் ஒருத்தியுடையது மட்டுமன்று. தந்தையும் குடும்பமும் அதில் பங்காளிகள்.

மூஸா (அலை) அவர்களின் அன்னையாரை எண்ணிப் பாருங்கள். ஆண் பிள்ளைகளைக் கொல்லும் ஃபிர்அவ்னின் ஆட்கள் தெருவில் திரிகின்றனர். அந்த அச்சத்தின் நடுவிலும் அந்தத் தாயின் உள்ளத்தில் அல்லாஹ் போட்ட முதல் கட்டளை, பிள்ளைக்குப் பாலூட்டு என்பதாகும். அஞ்சினால் ஆற்றில் விடு என்பது அதற்குப் பிறகே. அல்கஸஸ் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தில் இதனைக் காணலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்திலேயே பால் முற்பட்டது என்றால், மருத்துவரும் செவிலியரும் சூழ்ந்திருக்கும் இக்காலத்தில் அதனை நாம் பிற்படுத்துவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

எமது இல்லத்தில் நிகழ்ந்தது

இதனைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்லும் தகுதி நமக்கு எளிதில் வந்துவிடவில்லை. இற்றைக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் நமக்கு முதல் பிள்ளை பிறந்தது. அச்சமயம் நாம் வெளியூர்ப் பள்ளியில் பணியில் இருந்தோம். செய்தி கிடைத்து ஊர் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் பிள்ளைக்குத் தேன் தடவியாயிற்று. சீனித் தண்ணீர் புகட்டியாயிற்று. மார்பில் முதலில் சுரந்த மஞ்சள் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டிருந்தார்கள். எவரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை. எமது தாயாருக்கு அவர்களின் தாயார் சொல்லிக் கொடுத்தது அது.

பிள்ளை அழுதது. பால் இன்னும் ஊறவில்லை என்றார்கள். நாம்தான் கடைத்தெருவுக்குச் சென்று, கையில் இருந்த சம்பளப் பணத்தில் பால் டின்னும் புட்டியும் வாங்கி வந்தோம். புட்டிக்குப் பழகிய பிள்ளை தாயின் மார்பைச் சரியாகப் பற்ற மறுத்தது. உறிஞ்சுதல் குறையவே சுரப்பும் குறைந்தது. நாற்பது முடிவதற்குள் எமது வீட்டாருக்குப் பால் அறவே வற்றிப்போயிற்று. மூன்றாம் மாதத்தில் கடுமையான வயிற்றுப்போக்கு கண்டு, ஒன்பது நாட்கள் பிள்ளை மருத்துவமனையில் கிடந்தது. அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்துவதற்கு நரம்பு கிடைக்காமல் செவிலியர் தடுமாறியதை இன்றும் நாம் மறக்கவில்லை.

மேற்கூறிய 233ஆம் வசனத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவர் நாமே. ஆனால் நம் வீட்டில் அதனை நிலைநாட்ட வேண்டிய நேரத்தில் நாம் கடைக்குச் சென்றோம். எமது வீட்டாரிடம் ஒரு குறையும் இல்லை. அவருக்கு முன்கூட்டியே எவரும் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை என்பதே குறை. இரண்டாம் பிள்ளையின்போது ஏழாம் மாதத்திலேயே கிராம சுகாதார செவிலியர் வீட்டிற்கு வந்து, எமது வீட்டாரையும் தாயாரையும் ஒன்றாக அமர்த்தி விளக்கினார். அதே தாய், அதே உடல். அல்லாஹ்வின் அருளால் இரண்டு ஆண்டுகள் நிறைவாகப் பாலூட்டினார். இவ்விரு பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஆயத்தம் ஒன்றுதான்.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பிள்ளையைத் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். ஆறு மாதங்கள் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது. அதன் பின்னர் வேறு உணவுகளோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. திருமறை சுட்டிய இரண்டு ஆண்டுகள் என்னும் அளவை மருத்துவ உலகமும் கூறுவதைக் கேட்கையில் நம் உள்ளம் குளிர்கிறது. எனினும் நடைமுறை என்ன? 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 89 மருத்துவமனைகளில்தான் பிறக்கின்றன. ஆனால் முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்றவை 100க்கு ஏறத்தாழ 42 மட்டுமே. மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதுவே சான்று.

அந்த மஞ்சள் பாலுக்குச் சீம்பால் என்று பெயர். அது அளவில் மிகக் குறைவு. முதல் நாளில் சில தேக்கரண்டிகளே சுரக்கும். பிள்ளையின் இரைப்பையும் அப்போது மிகச் சிறியதே. நோயை எதிர்க்கும் ஆற்றலும், வைட்டமின் ஏ சத்தும் அதில் நிறைந்துள்ளன. பிள்ளையின் வயிற்றிலுள்ள கருமலம் வெளியேறவும் அது உதவுகிறது. அதனைக் கீழே விடுவது, அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கென்று அனுப்பிய முதல் ரிஸ்கை மண்ணில் கொட்டுவதற்குச் சமம்.

இவ்விடத்தில் மார்க்கத்தின் பெயரால் நிலவும் சில தவறுகளைத் தெளிவுபடுத்துவது நமது கடமை. பிள்ளையின் காதில் பாங்கு சொல்வது நன்று. அதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். ஆயின் பாங்கு சொல்ல ஆலிம் வரும்வரை, அல்லது வெளியூரிலிருந்து தந்தை வரும்வரை பால் கொடுக்கலாகாது என்பதற்கு ஷரீஅத்தில் எவ்வித ஆதாரமும் கிடையாது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், ஐந்து வேளை பாங்கு ஒலித்து முடியும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்கவிடாமல் தடுத்த செய்தி நாடெங்கும் பரவி, காவல்துறை வழக்குவரை சென்றது. மார்க்கம் சொல்லாத ஒன்றை மார்க்கம் என்று நம்பியதன் விளைவு அது. அந்தப் பழி நம் தீனின் மீதல்லவா விழுந்தது?

அடுத்தது தஹ்னீக். பேரீச்சம்பழத்தை மென்று, அதன் சாரத்தைச் சிறிது பிள்ளையின் அண்ணத்தில் தடவுவது நபிவழி. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு செய்த செய்தி ஹதீஸ்களில் உண்டு. விரல் நுனியில் ஒரு தடவல், அவ்வளவே. அது பாலுக்கு மாற்றுமன்று. பாலைத் தள்ளிப்போடும் காரணமுமன்று. செய்பவர் கை சுத்தமாக, நோயற்றவராக இருத்தல் வேண்டும். குறைமாதப் பிள்ளையாகவோ உடல் நலிந்த பிள்ளையாகவோ இருப்பின், மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவைப்பதில் குற்றமில்லை. தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு அது ஷிஃபா என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் தேனிலுள்ள ஒருவகைக் கிருமி வளர்ந்து, உடலைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவர்களின் திட்டவட்டமான எச்சரிக்கை.

"பால் போதவில்லை" என்னும் சொல்

பிள்ளை பெற்ற வீட்டில் தாயின் நெஞ்சை உடைக்கும் சொல் ஒன்று உண்டு. பார்க்க வரும் உறவினர்கள் கட்டிலருகில் நின்றுகொண்டு, "புள்ள அழுவுதே, பால் பத்தலையோ?" என்பார்கள். அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அச்சொல் அந்தப் பெண்ணின் மனத்தில் தங்கிவிடும். மனம் கலங்கினால் பால் இறங்குவதும் தடைப்படுகிறது. இது உடலின் இயற்கை.

பால் நிறைய ஊறத் தொடங்குவது பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான். அறுவைச் சிகிச்சையாயின் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை சீம்பாலே போதுமானது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் பெருகும். இறைக்க இறைக்க ஊறும் கிணறு போன்றது அது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை, இரவிலும் கூட, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்களில் பிள்ளையின் எடை சிறிது குறைவது இயல்பே. முதல் வாரம் கடந்தபின் பிள்ளை நாளொன்றுக்கு ஆறு தடவையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருமானால் பால் போதுகிறது என்று பொருள். அழுகை மட்டும் அதற்கு அளவுகோலாகாது. அதேவேளை, பிள்ளை சோர்ந்து பாலே குடிக்காவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், உடல் மிகவும் மஞ்சளித்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆயத்தம் எப்போது தொடங்க வேண்டும்?

ஹஜ்ஜுக்குச் செல்பவர் விமானம் ஏறிய பிறகா அமல்களைக் கற்றுக்கொள்கிறார்? மாதக்கணக்கில் வகுப்புக்குச் சென்று பழகிக்கொள்கிறார். தாய்மையும் அத்தகையதே. ஏழாம் மாதத்திலேயே அந்தப் பெண்ணுக்கும், அவளுடைய அம்மாவுக்கும், மாமிக்கும், கணவருக்கும் சேர்த்து விளக்கம் தரப்பட வேண்டும். சேர்த்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருமகள் மட்டும் கற்றுக்கொண்டு வந்தால், வீட்டில் மூத்தவர்களின் சொல்லை மீற அவளால் இயலாது.

கற்றுக்கொள்ள வேண்டியவை சிலவே. பிள்ளையைத் தாயின் உடலோடு ஒட்டி அணைத்து, வாய் அகலத் திறந்த பின், காம்பை மட்டுமன்றி அதைச் சூழ்ந்த கருமைப் பகுதியையும் பற்றச் செய்ய வேண்டும். சரியாகப் பற்றினால் காம்பில் புண் வராது. தொடர்ந்து வலித்தால் பற்றியது தவறு. செவிலியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். காம்பு உட்குழிந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவைத்தால் வழி உண்டு. ஆறு மாதம்வரை, வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பாலிலேயே போதிய நீர் உள்ளது. சீனித் தண்ணீர், கழுதைப்பால், உரைமருந்து, கிரைப் வாட்டர் ஆகிய எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதித் தரும் மருந்து மட்டுமே விதிவிலக்கு. வேலைக்குச் செல்லும் தாய் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துச் சென்றால், நான்கு மணி நேரத்திற்குள் பாலாடையால் புகட்டலாம்; புட்டி தேவையில்லை.

தாயின் உணவும் ஓய்வும்

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, வயிறு பெருத்துவிடும் என்று தாகத்தோடு வைத்திருக்கும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உள்ளது. இது கொடுமை. பாலூட்டும் பெண்ணுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான உணவும், தாகத்திற்கேற்ற நீரும் அவசியம். பூண்டு, வெந்தயக் கஞ்சி, பால்சுறாப் புட்டு என நம் முன்னோர் கொடுத்தவை நல்ல உணவுகளே. அவற்றோடு முட்டை, மீன், கீரை, பருப்பு, பேரீச்சம்பழம் ஆகியவற்றையும் தாராளமாகக் கொடுங்கள்.

ரமளான் நெருங்கி வருவதால் ஒரு சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். நோன்பு நோற்றால் தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் பாலூட்டும் தாய்க்கு நோன்பை விட்டுவிட அனுமதி உண்டு. பின்னர் களாச் செய்ய வேண்டும். பிள்ளையை மட்டும் முன்னிட்டு விட்டிருந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி களாவுடன் ஃபித்யாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபின்படி களா மட்டும் போதும். அல்லாஹ் கொடுத்த சலுகையைப் பயன்படுத்தும் பெண்ணைப் பார்த்து, நாங்களெல்லாம் நோற்கவில்லையா என்று மாமிமார்கள் கேட்க வேண்டாம்.

ஆண்களே! பிள்ளை அழும் சத்தம் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இது புகாரியில் பதிவான செய்தி. இரவில் ஐந்து முறை விழித்த பெண்ணிடம் காலையில் சூடான காலை உணவு எங்கே என்று கேட்கும் நாம் எங்கே நிற்கிறோம்? சபுரில் இருக்கும் சகோதரர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். ஊர் வரும்போது பாசத்தோடு பெட்டியில் பால் டின்களை அடுக்கி வருகிறீர்கள். அதற்குப் பதிலாக வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வைக்கும் பணத்தை மாதந்தோறும் அனுப்புங்கள். பிள்ளைக்கு அதுவே பெரிய அன்பளிப்பு.

பால் டின்களின் விளம்பரத்தையும், தாய்மார்களுக்கு அவற்றை இலவசமாகக் கொடுப்பதையும் நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. டின்னின் மீது பிள்ளையின் படத்தைக்கூட அச்சிடலாகாது. அரசு சட்டம் போட்டுத் தடுப்பதை நாம் அன்பளிப்பு என்று வீட்டிற்குள் கொண்டுவரலாமா?

எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. கடும் நோயாலோ, உட்கொள்ளும் மருந்தாலோ, முயன்றும் இயலாமையாலோ பாலூட்ட முடியாத தாய்மார்கள் உள்ளனர். அவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி மாற்றுப்பால் கொடுப்பது குற்றமன்று. வேறொரு பெண் பாலூட்டவும் திருமறை வழி திறந்துள்ளது. நம் நபி (ஸல்) அவர்களே ஹலீமா (ரலி) அவர்களிடம் பால் அருந்தி வளர்ந்தவர்கள்தாம். அவ்வாறு உறவிலோ அண்டையிலோ ஒருவர் பாலூட்டினால், பால்குடி உறவால் திருமணத் தடை ஏற்படும் என்பதால் இரு குடும்பத்தாரும் அதை எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

உமர் (ரலி) அவர்களின் அழுகை

இறுதியாக ஒரு வரலாறு. உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. ஓர் இரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்திற்குக் காவல் இருந்தபோது, ஒரு பிள்ளை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் சென்று, பிள்ளையைக் கவனி என்றார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். பேசுபவர் கலீஃபா என்பதை அறியாத அத்தாய், பால்குடி மறந்தால்தான் உமர் உதவித்தொகை தருவார், அதற்காகவே மறக்கடிக்கிறேன் என்றார். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் அழுகையினால் உமர் (ரலி) அவர்களின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை. தமது சட்டத்தால் எத்தனை பிள்ளைகளுக்குக் கேடு விளைந்ததோ என்று கலங்கினார்கள். பிறந்த நாள் முதலே ஒவ்வொரு பிள்ளைக்கும் உதவித்தொகை என்று அன்றே அறிவிக்கச் செய்தார்கள்.

அவர்கள் அந்தத் தாயைக் கண்டிக்கவில்லை. தம் ஏற்பாட்டைத் திருத்தினார்கள். நமது ஜமாஅத்தும் அவ்வாறே தன் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே நிர்வாகக் கமிட்டியார் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, மூன்று மாதத்திற்கு ஒருமுறை நமது மதரஸா கட்டடத்தில், சுகாதார செவிலியரை அழைத்து, கருவுற்ற பெண்களுக்கும் அவர்களின் தாய், மாமியாருக்கும் ஒரு வகுப்பு. இரண்டு, வறிய குடும்பத்துப் பாலூட்டும் தாய்மார்களுக்கு நமது பைத்துல்மாலிலிருந்து ஆறு மாதங்களுக்குச் சத்துணவுப் பொருட்கள். மூன்று, நிகாஹ் மண்டபத்தில் பாலூட்டும் பெண்களுக்கென ஒரு தனி அறை. பேருந்து நிலையங்களில் 2015ஆம் ஆண்டு முதல் அரசு செய்து கொடுத்ததை, நமது மண்டபத்தில் நம்மால் செய்ய இயலாதா?

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நீ விதித்த ரிஸ்கை நாங்கள் தடுப்போராக ஆகிவிடாமல் காத்தருள்வாயாக! பாலூட்டும் தாய்மார்களுக்கு உடல் வலிமையையும் மன அமைதியையும் தருவாயாக! அவர்களுக்குத் துணை நிற்கும் நல்லறிவை ஆண்களாகிய எங்களுக்கு வழங்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.